படம் வரைய வராது, ஆனா நவீன ஓவிய வரலாறு படிக்கணும்: குடியாத்தம் தங்கச்சிக்கு ஒரு நீள பதில்

குடியாத்தத்துலேர்ந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கா. வேலூர்ல பி.ஏ. ஹிஸ்டரி கடைசி வருஷம், தமிழ் மீடியம். எம்.ஏ.வுக்கு நவீன ஓவியம், சமகாலக் கலை, அதோட வரலாறு படிக்கணும்னு ஆசை. படம் வரைய சுத்தமா வராது, இங்கிலீஷ் தடுமாறுது, எங்க போய் படிக்கறதுன்னும் புரியல, வூட்ல நைனா வேற "படத்தப் பாக்கறதுக்கு ரெண்டு வருஷம் படிப்பா, படிச்சிட்டு இன்னா வேலைக்கு போவ"ன்னு கேக்கறாராம். நான் ராணிப்பேட்டை பக்கம், இதையேதான் படிச்சேன், இப்ப இதையேதான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல அந்த வரையற பயத்த விட்டுடு. ஓவியக் கல்லூரியில பெயின்டிங், சிற்பம் இதெல்லாம் படிக்கணும்னாதான் வரையத் தெரியணும், அதுக்கு கையால செஞ்சு காட்டற பரீட்சை இருக்கும். கலை வரலாறு அது இல்ல. இது பாக்கறதும் படிக்கறதும் எழுதறதும் சேந்த படிப்பு. வரையத் தெரிஞ்சா ஒரு லாபம் உண்டு, ஒரு கோடு எந்த வேகத்துல இழுத்திருக்காங்கன்னு கைக்கு சட்டுனு புரியும். ஆனா தெரியாதவங்க நிறைய பேரு இந்தத் துறையில பெரிய ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க. ஹிஸ்டரி படிச்சிட்டு வர்றது உனக்கு பலம்தான், ஒரு ஆவணத்த எப்படி சந்தேகப்பட்டு படிக்கறதுன்னு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், ஓவியம் படிச்சிட்டு வர்ற புள்ளைங்க அதுலதான் திணறுவாங்க.

இந்தப் படிப்புல என்னதான் பண்ணுவாங்கன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன். மெரினாவுல உழைப்பாளர் சிலை பாத்திருப்ப. நாலு ஆம்பளைங்க ஒரு பாறைய நெம்பறாங்க. அத செஞ்சவரு தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரரு, மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கு 1929-ல பிரின்சிபாலா வந்து 1957 வரைக்கும் இருந்தவரு, அந்தப் பதவிக்கு வந்த மொத இந்தியரும் அவருதான். சிலை அங்க நின்னது 1959-ல. இவ்வளவும் தகவல், இத கைடு புக்குலயே படிச்சிக்கலாம். கலை வரலாறு இதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. சுத்தி வந்து பாரு. நாலு உடம்பும் எந்தப் பக்கம் சாயுது, பாறையோட கனம் உனக்கு எதனால தெரியுது, நரம்பும் முதுகுத் தசையும் எவ்வளவு இழுத்துக் காட்டியிருக்காரு, அந்த மாதிரி உடம்பு செய்யற வழக்கம் ஐரோப்பாவுல யார்கிட்டேர்ந்து வருது. அப்புறம் அங்க எது இல்லன்னு பாரு. மெஷின் இல்ல, ஃபேக்டரி இல்ல, பொம்பள இல்ல. நாடு சுதந்திரம் வாங்கி பன்னெண்டு வருஷம், அணை கட்டறாங்க, ஆலை கட்டறாங்க, அந்த சமயத்துல உழைப்புன்னு சொல்ல ஏன் வெறும் கையும் பாறையும்? அடுத்தது, அது நிக்கற இடம். 1923-ல சிங்காரவேலர் இந்தியாவுலயே மொத மே தினக் கூட்டம் போட்டது இதே மெட்ராஸ் கடற்கரையில. இன்னிக்கும் மே தினத்துக்கு மாலை போட வர்றவங்க இந்த சிலைகிட்டதான் வர்றாங்க. ஒரு சிற்பி செஞ்ச வடிவத்த ஜனங்க எப்படி தங்களோடதா எடுத்துக்கறாங்கன்னு கேட்டா அங்க ஒரு ஆராய்ச்சியே இருக்கு. பாத்தியா, ஒரு சிலையிலேர்ந்து உடற்கூறு, ஐரோப்பிய பாணி, அரசியல், ஊரோட வரலாறு, ஆண் பெண் கேள்வின்னு எவ்வளவு தூரம் போயிட்டோம். ரெண்டு வருஷமும் இதுதான் வேலை, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் காட்டணும், தோணினத எல்லாம் எழுதிட முடியாது.

இதுக்கு அடுத்த படிய சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் இது. ராய் சௌத்ரி போனதும் அதே நாற்காலியில வந்து உக்காந்தவரு அவரோட மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். உழைப்பாளர் சிலை நின்னு நாலு வருஷத்துல, 1963-லேர்ந்து, பணிக்கர் சொல்லும் குறியீடும்னு ஒரு ஓவிய வரிசை ஆரம்பிக்கறாரு. அதுல உடம்பே இல்ல, தசை இல்ல, கேன்வாஸ் முழுக்க எழுத்து மாதிரி கிறுக்கல், ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், நடுநடுவுல சின்னச் சின்ன உருவங்கள். மலையாள எழுத்து மாதிரி தெரியும், கிட்ட போய் படிக்கப் பாத்தா படிக்க முடியாது. ஒரே காலேஜு, குருவும் சிஷ்யனும், நடுவுல கொஞ்ச வருஷம்தான், ஆனா கலை எங்கயோ போயிடுச்சு. ஏன்? மேல்நாட்டு நவீன ஓவியத்த காப்பி அடிக்காம நம்மளோடதா ஒரு நவீனம் இருக்க முடியுமான்னு அந்தத் தலைமுறை முழுக்க தவிச்ச தவிப்பு அதுக்குள்ள இருக்கு. அதே ஆளுங்கதான் 1966-ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் கலைஞர் கிராமத்த ஆரம்பிச்சாங்க, படம் வித்து வாழ முடியாதுன்னு மெழுகு வெச்சு சாயம் ஏத்தற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செஞ்சு வித்து அந்தக் காசுல நின்னாங்க. படம் ஒரு பக்கம், அத வரைஞ்சவங்க சோத்துக்கு என்ன பண்ணாங்கன்றது இன்னொரு பக்கம், ரெண்டையும் சேத்துப் படிக்கறதுதான் சரியான கலை வரலாறுன்னு நான் நினைக்கறேன். சில பேரு படத்த மட்டும் பேசினா போதும்பாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

இப்ப உங்கூருக்கு வர்றேன். நீ கேள்வியில "நம்ம பக்கம் இதெல்லாம் எதுவும் இல்ல"ன்னு எழுதியிருந்த, அத நான் ஒத்துக்க மாட்டேன். ஏ.பி. சந்தானராஜ்னு ஒரு ஓவியர், மெட்ராஸ் கலை இயக்கத்துல, அதாவது பணிக்கர் தலைமுறை மெட்ராஸ்ல வளத்த நவீன ஓவியப் போக்குல, கோடுன்னு பேசினா மொதல்ல வர்ற பேருங்கள்ல ஒண்ணு, 1932-ல திருவண்ணாமலையில பொறந்தவரு. திருவண்ணாமலை அப்ப வட ஆற்காடு ஜில்லாதான், 1989-லதானே பிரிச்சாங்க. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிச்சு அங்கயே வாத்தியாராகி பிரின்சிபாலாவும் இருந்தாரு, இன்னிக்கு அறுபது எழுபது வயசுல இருக்கற தமிழ்நாட்டு ஓவியர்கள்ல நிறைய பேருக்கு அவரு வாத்தியாரு. அதே திருவண்ணாமலையில 1978-ல பொறந்தவங்க பெனிதா பெர்சியல், அதே ஓவியக் கல்லூரியில படிச்சவங்க. கொச்சியில நடக்கற பினாலேன்ற சமகாலக் கலைத் திருவிழாவுல, 2014-ல, கிறிஸ்தவ உருவங்கள குந்திரிக்கம், பட்டை, கிராம்பு மாதிரி வாசனைப் பொருள்களக் கொழைச்சு அச்சு வார்த்து வெச்சிருந்தாங்க, அந்த ரூமுக்குள்ள போனா கண்ணுக்கு முன்னாடி மூக்குதான் படத்தப் பாக்கும். மசாலா வியாபாரம் நடந்த துறைமுக ஊருல, அந்த வியாபாரத்தோட சேந்து வந்த மதத்தோட உருவங்கள அந்த மசாலாவாலயே செய்யறது எவ்வளவு யோசிச்ச வேலைன்னு பாரு. நவீனம்னா சந்தானராஜ், சமகாலம்னா பெனிதா, ரெண்டு பேருமே பழைய வட ஆற்காடு. இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இருபது பக்கம் எழுதிப் பாரு, நவீனக் கலைக்கும் சமகாலக் கலைக்கும் என்ன வித்தியாசம்னு உனக்கே புரிஞ்சிடும், எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவா சொல்லாது.

சமகாலக் கலைன்னா நிறைய பேரு மெரள்றாங்க, புரியலைன்றாங்க. நம்ம ஊரு ஆளுக்கு அது ஈசியா புரியற எடங்களும் உண்டு. பெங்களூர்ல ஷீலா கௌடான்னு ஒருத்தங்க, மனுசத் தலைமுடிய கயிறா திரிச்சு கார் பம்பரோட சேத்து ஒரு பெரிய வேலை 2009-ல பண்ணாங்க. வெளிநாட்டுல பாக்கறவனுக்கு அத விளக்க ஒரு பக்கம் எழுதி ஒட்டணும். நமக்கு வண்டிக்கு திருஷ்டி கழிய முடிக்கயிறு கட்டறதுன்னு ஒரு வரியில தெரியும், அந்த முடி கோயில் காணிக்கையில வெட்டினதுன்றதும் சொல்லாமயே புரியும். அதே ஊருல என். புஷ்பமாலான்னு இன்னொருத்தங்க, தென்னிந்தியப் பொண்ணுங்கன்னா எப்படின்னு காலங்காலமா வரைஞ்சு வெச்சிருக்கற படங்கள எல்லாம் எடுத்து அந்த வேஷத்த தானே போட்டு, கிளேர் ஆர்னின்ற போட்டோகிராஃபரோட சேந்து, 2000லேர்ந்து 2004 வரைக்கும் ஒரு போட்டோ வரிசை பண்ணாங்க. அதுல ரவி வர்மாவோட லட்சுமியும் வரும், வெள்ளைக்காரன் ஜாதி வாரியா அளவெடுத்து எடுத்த போட்டோவும் வரும். உங்க வூட்டு சாமி ரூம்ல மாட்டியிருக்கற லட்சுமி காலண்டர் இருக்கே, அது எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு தேடினா ரவி வர்மா 1894-ல ஆரம்பிச்ச அச்சகம் வரைக்கும் போகும். அச்சும் போட்டோவும் சினிமாவும் வந்தப்புறம் ஒரே ஒரு மூலப் படத்தோட மதிப்பு என்ன ஆகுதுன்னு வால்டர் பெஞ்சமின்னு ஒரு ஜெர்மன் அறிஞர் 1930-கள்ல கேட்டாரு, எம்.ஏ.ல அவர படிக்காம தப்பிக்க முடியாது, அவர படிக்கறப்ப இந்தக் காலண்டர மனசுல வெச்சிக்கிட்டு படி, பாதி கஷ்டம் கொறையும்.

வகுப்பு எப்படி நடக்கும்னு கேட்டிருந்த. பொதுவா நாலு செமஸ்டர். இருட்டு ரூம், திரையில படம், பக்கத்துல பக்கத்துல ரெண்டு படம் போட்டு ஒப்பிட்டுப் பேச வைப்பாங்க. இந்த ரெண்டு படம் போடற பழக்கம் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின்னு ஒரு சுவிஸ் பேராசிரியர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே பரப்பிவிட்டது, இன்னிக்கும் ஓடுது. பரீட்சையிலயும் சில எடத்துல பேரு போடாம படத்த காட்டுவாங்க, யாரோடது, எந்தக் காலம், ஏன் அப்படி சொல்றன்னு எழுதணும். பேரு தப்பா போனாக் கூட காரணம் சரியா இருந்தா மார்க் போடற வாத்தியாருங்கதான் நல்ல வாத்தியாருங்க. அப்புறம் கோட்பாட்டு வகுப்பு, மார்க்சியம், பெண்ணியம், காலனியம், சாதி இதெல்லாம் படத்த பாக்கற விதத்த எப்படி மாத்துச்சுன்னு. அதுக்கு மேல கண்காட்சிகளோட வரலாறு, மியூசியம் எப்படி வேலை செய்யுது, கியூரேஷன்னா கண்காட்சிக்கு எத எடுத்து எப்படி வெக்கறதுன்றது, ஆவணக் காப்பகம். கடைசியில ஒரு ஆய்வுக் கட்டுரை, உன் சொந்தத் தலைப்புல. அந்தக் கட்டுரைதான் உனக்கு அடுத்த கதவத் தொறக்கும், மார்க்கு பட்டியல விட அதத்தான் கேட்டு வாங்கிப் படிப்பாங்க, அதனால மொத நாள்லேர்ந்தே தலைப்ப யோசிச்சிக்கிட்டே இரு.

எங்க படிக்கறதுன்னா, பழைய பேரு பரோடா. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்துல நுண்கலைப் புலம் 1950-ல ஆரம்பிச்சது, கலை வரலாறும் அழகியலும்னு தனித் துறையே இருக்கு. படம் வரையறவங்களும் படத்தப் பத்தி எழுதறவங்களும் ஒரே கேன்டீன்ல உக்காந்து சண்டை போட்டுக்கற எடம், அதான் அதோட பலம், நான் கத்துக்கிட்டதுல பாதி அங்க சாயங்காலத்துல வெளிய மரத்தடியில கத்துக்கிட்டது. டில்லியில ஜே.என்.யூ., அங்க கலை அழகியல் பள்ளின்னு இருக்கு, ஓவியம் மட்டும் இல்லாம நாடகம், சினிமா எல்லாம் சேத்துப் படிக்கலாம், கோட்பாடு பலமா இருக்கும், எந்த டிகிரி படிச்சிருந்தாலும் சேரலாம்ன்றது உனக்கு ரொம்ப வசதி. சாந்திநிகேதன்ல கலா பவன், 1919-ல ஆரம்பிச்சது, அங்கயும் கலை வரலாறு துறை உண்டு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துல சரோஜினி நாயுடு பள்ளியில கலை வரலாறும் காட்சிப் பண்பாடும் சேந்த மாதிரி படிப்பு, பெங்களூர்ல கர்நாடக சித்ரகலா பரிஷத், காட்பாடியில ரயில் ஏறினா மூணு நாலு மணி நேரம். சென்னையில பொண்ணுங்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் நுண்கலைத் துறை, அங்க வரலாற்றுப் பாடத்துக்கு எப்பவுமே நல்ல இடம் குடுத்திருக்காங்க. எழும்பூர் பக்கம் இருக்கற அரசு கவின்கலைக் கல்லூரி, 1850-ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச அதே பழைய பள்ளி, அது செய்யறவங்களுக்கானது, வரலாறு அங்க துணைப் பாடம்தான். இதுல சில எடத்துல ஓவியப் பட்டம்தான் வேணும்பாங்க, சில எடத்துல எந்தப் பட்டமும் போதும், இந்த விதி மாறிக்கிட்டே இருக்கறதால அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ வார்த்தை விடாம படிச்சிட்டு அப்ளை பண்ணு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு பெரும்பாலும் க்யூட் பி.ஜி. (CUET PG) பொது நுழைவுத் தேர்வு, பரோடாவுக்கு அவங்களே தனியா வைப்பாங்க.

என்னக் கேட்டா, உன்ன மாதிரி ஹிஸ்டரி படிச்ச பொண்ணுக்கு ஜே.என்.யூ.வும் ஹைதராபாத்தும் மொதல்ல, பரோடா கெடைச்சா யோசிக்காம போ. தனியார் யுனிவர்சிட்டி சிலதுல பாடத்திட்டம் பாக்க அழகா இருக்கும், ஃபீஸ் லட்சத்துல போகும். முழு ஸ்காலர்ஷிப் எழுத்துல குடுத்தா மட்டும் சேரு, கடன் வாங்கி இந்தப் படிப்புக்குப் போகாத, இதுல ஆரம்ப சம்பளம் அந்தக் கடன அடைக்கற சைஸ்ல வராது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். எந்த ஊருல சேந்தாலும் பாடத்துல பம்பாய், கல்கத்தா, பரோடா, டில்லிதான் நிறைய வரும். பௌஹௌஸ்ன்ற ஜெர்மன் கலைப் பள்ளியோட படங்கள வெச்சு 1922-ல கல்கத்தாவுல நடந்த கண்காட்சி, 1947-ல பம்பாய்ல முற்போக்குக் கலைஞர் குழு, ஓவியர் அம்ரிதா ஷெர்கில், எல்லாம் முக்கியம், கண்டிப்பா படிக்கணும். மெட்ராஸுக்கு ஒரு வகுப்பு, மிஞ்சிப்போனா ரெண்டு, அதுலயும் பணிக்கர் பேரும் சோழமண்டலமும் சொல்லிட்டு தாண்டிடுவாங்க. மெட்ராஸ்ல நவீனக் கலை நடக்காமயா போச்சு, நடந்தத எழுதினதும் இங்கிலீஷ்ல கொண்டுபோய் சேத்ததும் கம்மி. அதுதான் உனக்கான எடம்.

இங்கதான் உன்னோட தமிழ் மீடியம் வருது. இங்கிலீஷ் வேணும், அத மறைக்க மாட்டேன், படிக்க வேண்டியதுல பெரும்பகுதி இங்கிலீஷ்லதான் இருக்கு, அதுவும் கடுமையான இங்கிலீஷ். இப்பலேர்ந்தே தினமும் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் படி, படிச்சத மூடி வெச்சிட்டு அதுல என்ன சொன்னாங்கன்னு தமிழ்ல அஞ்சு வரி எழுது, அப்புறம் அந்த அஞ்சு வரிய உன் சொந்த இங்கிலீஷ்ல எழுது. மாசக்கணக்குல செஞ்சா பயம் போயிடும், என்கிட்ட படிக்கற புள்ளைங்களுக்கு நான் சொல்ற ஒரே வழி இதுதான். ஆனா இன்னொரு பக்கத்தையும் பாரு. 1960கள், 70கள்ல நம்ம சிறுபத்திரிகைக்காரங்களும் ஓவியர்களும் ஒண்ணா திரிஞ்சாங்க. கசடதபற மாதிரி பத்திரிகை, ஓவியர் ஆதிமூலம் போட்ட கோட்டோவியம், கூத்துப்பட்டறைன்ற நவீன நாடகக் குழு, எல்லாம் ஒரே ஆளுங்க வட்டம். ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டுக்கு காந்திய கோட்டோவியமா வரிசையா வரைஞ்சாரு, அப்புறம் வாரப் பத்திரிகையில கி.ராஜநாராயணன் எழுத்துக்கு படம் போட்டு, கேலரி பக்கமே போகாத லட்சக்கணக்கான வூட்டுக்குள்ள நவீனக் கோட்ட கொண்டுபோனாரு. இந்தக் கதைக்கு ஆதாரம் முழுக்க தமிழ்ல இருக்கு, பத்திரிகை அட்டையில, தலையங்கத்துல, கடிதத்துல, அழைப்பிதழ்ல. டில்லிக்காரங்களால இத படிக்க முடியாது, உன்னால முடியும். சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, பழைய தமிழ் பத்திரிகை அவ்வளவு சேத்து வெச்சிருக்காங்க. ஓவியர்கள் நேர்ல பேசினா தமிழ்லதான் மனசு விட்டுப் பேசுவாங்க. அவங்கள்ல பல பேருக்கு வயசாயிடுச்சு, நிறைய பேரு போயிட்டாங்க, யாராவது ஒக்காந்து கேட்டு ரெக்கார்ட் பண்ணணும். இத நினைச்சா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பதட்டம் இருக்கு, உன்ன மாதிரி ஒருத்தி வரணும்னு நான் இவ்வளவு எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டுரைத் தலைப்புக்கு வேலூர் சுத்துவட்டாரத்துலயே கெடைக்கற விஷயத்த சொல்றேன், இப்பவே நோட்டு போட்டு ஆரம்பிக்கலாம். அம்பேத்கர் சிலை. நம்ம ஜில்லாவே ஒரு காலத்துல வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு பேரு வாங்கினது. ஊருக்கு ஊரு சேரி முனையில நீலக் கோட்டு, கையில புத்தகம், நீட்டின விரல். 1967-ல பார்லிமென்ட் வளாகத்துல வெச்ச சிலை, பி.வி. வாக்னு சிற்பி செஞ்சது, அந்த நின்ன கோலம் நாடு முழுக்க மத்த சிலைகளுக்கு மாடலா ஆயிடுச்சு. ஆனா நம்மூரு சிமென்ட் சிலைகள செஞ்ச கைகள் யாரோடது? யாரு காசு போட்டா? எந்த ஊருல எப்ப கம்பிக் கூண்டு போட்டாங்க, யாரு கேட்டு போட்டாங்க, கூண்டுக்குள்ள இருக்கற சிலைய பாக்கறவன் என்ன பாக்கறான்? இது முழுக்க முழுக்க கலை வரலாற்றுக் கேள்வி, கேலரியில தொங்கற படத்த விட எந்த விதத்துலயும் கம்மி இல்ல. இன்னொண்ணு உங்க குடியாத்தம் தீப்பெட்டி, அந்த லேபிள்ல என்னென்ன படம் வந்துச்சு, யாரு வரைஞ்சா, எங்க அச்சாச்சு. ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி தியேட்டர் பேனரும் கட்சி கட்அவுட்டும் கடை போர்டும் வரைஞ்ச பெயின்டர்கள் இன்னும் வேலூர், ஆற்காடு, ஆம்பூர்ல இருக்காங்க. அப்புறம் செய்யாறு பக்கம் புரிசை, அங்க தெருக்கூத்துக்காரங்களும் சென்னை நவீன நாடகக்காரங்களும் சேந்து வேலை செஞ்சது, அதுல கூத்து ஒப்பனையும் கட்டை கிரீடமும் நவீன ஓவியன் கண்ணுல எப்படி பட்டுச்சுன்றது தனி விஷயம். ஒண்ண எடுத்துக்க, போட்டோ எடு, தேதி போடு, அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே எழுது, அனுமதி கேட்டு எழுது.

நேர்ல பாக்கறத தள்ளிப் போடாத. போன்ல பாக்கற படத்துல அளவு தெரியாது, பெயின்ட் எவ்வளவு தடிப்பா இருக்குன்னு தெரியாது, நீ எவ்வளவு தள்ளி நிக்கணும்னு படம் கேக்கறது தெரியாது. சோழமண்டலத்துல மெட்ராஸ் கலை இயக்கத்துக்குன்னே மியூசியம் இருக்கு, மொதல்ல அங்க போ. எழும்பூர் மியூசியத்துக்கு எந்த ஹால் திறந்திருக்குன்னு கேட்டுட்டு போ, வெள்ளிக்கிழமை லீவு. கிரீம்ஸ் ரோட்டுல லலித் கலா அகாடமி, அங்க கண்காட்சி மாறிக்கிட்டே இருக்கும். பெங்களூர்ல பேலஸ் ரோட்டுல மாணிக்கவேலு மாளிகையில தேசிய நவீனக் கலைக்கூடம் 2009-லேர்ந்து இருக்கு, திங்கள் லீவு, கஸ்தூர்பா ரோட்டுல மேப் (MAP), அதாவது கலைக்கும் போட்டோவுக்குமான மியூசியம், 2023-ல திறந்தாங்க, ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துட்டு ராத்திரிக்குள்ள காட்பாடி திரும்பிடலாம். ஆனா நூறு படத்த ஓடிப் பாக்காத, மூணு படத்துக்கு முன்னாடி நின்னு ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம் எழுது. கொச்சி பினாலே 2012-லேர்ந்து நடக்குது, அது நடக்கற வருஷத்துல கண்டிப்பா போ, மாணவர் பினாலேன்னு தனியா ஒண்ணும் கூடவே நடக்கும். போக முடியாத நாளுக்கு மேப் அகாடமியோட இந்தியக் கலைக் களஞ்சியமும் கோர்ஸும் இலவசமா நெட்ல இருக்கு, ஹாங்காங்ல ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ் பரோடாக் கலைஞர்களோட ஆவணங்கள ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, குறிப்பு, கடிதம், போட்டோ எல்லாம் வூட்ல உக்காந்தே பாக்கலாம்.

நைனா கேட்டது நியாயமான கேள்வி, அத ஒதறித் தள்ளாத. இது இன்ஜினியரிங் மாதிரி கேம்பஸ்ல வந்து கூட்டிட்டுப் போற படிப்பு இல்லன்னு அவர்கிட்ட நேராவே சொல்லு. எம்.ஏ. முடிச்சவங்க போற எடம் இவ்வளவுதான்: கேலரி, தனியார் மியூசியம், ஆவணக் காப்பகம், ஏலக் கம்பெனியில கேட்டலாக் எழுதற வேலை, பதிப்பகம், டிசைன் காலேஜ்லயும் ஆர்கிடெக்சர் காலேஜ்லயும் கலை வரலாறு சொல்லிக் குடுக்கற வேலை. ஆர்கிடெக்சர் காலேஜ் வேலைய நிறைய பேரு யோசிக்கறதே இல்ல, நம்ம பக்கமே கெடைக்கும். காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் (NET) தகுதித் தேர்வுல விஷுவல் ஆர்ட்னு ஒரு பாடம் இருக்கு, கலை வரலாறு அதுக்குள்ளதான் வருது, அதுல ஜே.ஆர்.எஃப்.ன்ற ஆராய்ச்சி உதவித்தொகை அடிச்சா பி.எச்.டி. பண்றப்ப மாசா மாசம் பணம் வரும், அது வந்துட்டா வூட்ல பேச்சு அடங்கிடும். பழைய படத்த சுத்தம் பண்ணி காப்பாத்தற கன்சர்வேஷன் வேலைக்கு கெமிஸ்ட்ரி வேணும், அது தனிப் படிப்பு, ரெண்டையும் கொழப்பிக்காத. மொத ரெண்டு மூணு வருஷம் சம்பளம் கம்மியாதான் இருக்கும், வேலையும் பெங்களூர், டில்லி, பம்பாய்லதான் அதிகம், கல்யாணப் பேச்சு அந்த நேரத்துல கண்டிப்பா வரும், அதுக்கும் இப்பவே வூட்ல பேசி வெச்சிக்க.

வெளிநாடு போற யோசனை இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சிக்க. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசோட வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புல, இந்தியக் கலாசாரம், பாரம்பரியம், வரலாறு பத்தின படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் கெடையாதுன்னு 2022 விதிமுறையில போட்டாங்க. யாருக்கு அது ரொம்பத் தேவையோ அவங்க தங்களோட சொந்த வரலாற்ற வெளிய போய் படிக்கக் கூடாதுன்னு கதவ சாத்தின மாதிரி ஆச்சு, எனக்கு இன்னும் கோவம் தீரல. உனக்கு அந்த ஸ்காலர்ஷிப் பொருந்தும்னா அந்த வருஷத்து விதிய எடுத்துப் பாத்துட்டு அப்ளை பண்ணு, இல்லன்னா காமன்வெல்த், சார்லஸ் வாலஸ், இன்லாக்ஸ் இதெல்லாம் பாரு. ஆனா அது எம்.ஏ.வுக்கு அப்புறம் யோசிக்கற விஷயம்.

இப்ப உடனே செய்ய வேண்டியது. க்யூட் பி.ஜி. அப்ளிகேஷன் பொதுவா டிசம்பர், ஜனவரி வாக்குல திறக்கும், தேர்வு மார்ச்ல வரும், தேதி தவறிட்டா ஒரு வருஷம் போயிடும், அதனால நவம்பர்லேர்ந்தே வாரா வாரம் அந்த சைட்ட பாரு. சாதிச் சான்று, வருமானச் சான்று பழசா இருந்தா இப்பவே இ-சேவை மையத்துல புதுசு வாங்கி வெச்சிக்க, மத்திய அரசு படிவத்துல ஓ.பி.சி. சான்று வேற மாதிரி கேப்பாங்க, அத தனியா வாங்கணும். அம்பேத்கர் சிலையோ தீப்பெட்டியோ பேனர் பெயின்டரோ ஏதாவது ஒண்ணப் பத்தி நாலு பக்கம் தமிழ்ல எழுதி அனுப்பு, நான் படிச்சிட்டு எங்க இன்னும் பாக்கணும்னு குறிச்சுத் தர்றேன், அதுக்கப்புறம் அதையே இங்கிலீஷுக்கு கொண்டுபோகலாம், இன்டர்வியூல "உனக்கு எதுல ஆர்வம்"னு கேட்டா எடுத்துக் காட்ட உன் கையில ஒண்ணு இருக்கும்.